காவி பூசும் முன் வரச் சொன்னவர்

சுகுணா மேடம் இறந்த செய்தி வந்தபோது, அவருக்காகக் காத்திருந்த பெண்களின் நடுவில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே, மீனவக் குப்பங்களை ஒட்டி இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் அது. செங்கல்பட்டு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவிலிருந்து மேடமும், ஆய்வக நுட்புநராக நானும் வாரம் ஒருநாள் அங்கே போவோம். சாம்பிள் பெட்டியோடு பஸ் பிடித்து நான் முதலில் போய்விடுவேன். அவர் தன் பழைய காரில் திருக்கழுக்குன்றம் வழியாக, நடுவில் எங்காவது நிறுத்தி இளநீர் குடித்துவிட்டு, தாமதமாக வருவார். அன்றும் இளநீராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அப்போது துறையிலிருந்து போன் வந்தது. காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு.

"இன்னா பொண்ணே, டாக்டரம்மா எங்க வந்துகினு கீறாங்களாம்?" என்று பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"வரமாட்டாங்க" என்றேன்.

"இன்னிக்கா?"

 என் முகத்தைப் பார்த்து அவர்களே புரிந்துகொண்டார்கள். யாரும் உடனே எழுந்து போகவில்லை. தங்கள் நோயைச் சொந்தத் தங்கையிடம்கூடச் சொல்லாதவர்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பதைத் தவிர்ப்பதற்காகச் சுவரைப் பார்த்து உட்காருகிறவர்கள், அன்று முதல் முறையாக ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் மேடத்திடம் படித்தவர்கள், அல்லது அவரோடு வேலை செய்தவர்கள். அவருடைய வகுப்பும் சிரிப்பும் கோபமும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் அவரோடு இருந்தது கொஞ்ச காலம்தான். ஆகவே எனக்கு முழுதாகத் தெரிந்த ஒரே விஷயத்தை, அமுதா என்ற பெண்ணுக்காக அவர் செய்ததை மட்டும் எழுதுகிறேன். அமுதா என்பது உண்மைப் பெயர் இல்லை. அவள் வீட்டாரின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கக்கா, பேர மட்டும் நல்லதா வையுங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். யாராவது எதிரே நின்று கேள்வி கேட்டால் எனக்குக் குரல் தொண்டையோடு நின்றுவிடும். வேலையில் சேர்ந்த அன்று மேடம் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். காதில் விழவில்லை என்றார். மறுபடி சொன்னேன். "நீ மைக்ரோபயாலஜி படிச்சது சரிதாம்மா. ஒங்குரல பாக்கவே மைக்ரோஸ்கோப்பு வேணும்போல கீது" என்றார். அன்றிலிருந்து எனக்கு மைக்ரோ என்று பெயர். செய்யூர்ப் பக்கத்துப் பேச்சை அவர் எந்தப் பதவியிலும் விடவில்லை. கருத்தரங்க மேடையில் அழகான ஆங்கிலம் பேசிவிட்டு இறங்கி வந்து, "சாப்பாடு இன்னாவாம்?" என்று கேட்பார்.

மதியச் சாப்பாட்டை ஆய்வகத்துக்கு வெளியே இருக்கும் சின்ன அறையில்தான் சாப்பிடுவார். இடது கையில் போனைப் பிடித்து, ஹெர்பீஸ் பற்றி வந்திருக்கும் புதிய ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பார். படித்ததை எனக்குச் சொல்வார். உடலுறவு வழியாகப் பரவும் அந்த ஹெர்பீஸ் வைரஸ், புண் ஆறிய பிறகும் நரம்பின் வேரில் போய்ப் படுத்துக்கொள்கிறது. இன்று இருக்கும் மாத்திரைகள் அதை அடக்கும், விரட்டாது. நரம்புக்குள்ளேயே போய் அதன் மரபணுவை வெட்டிவிடும் முயற்சி எலிகளில் நன்றாக நடந்திருக்கிறது என்று ஒருநாள் படித்தார். "எலிக்கு யோகம் மைக்ரோ. நம்ம ஆளுங்க இன்னும் வரிசையில நிக்கணும்" என்றார். வழக்கமான மருந்துக்கு அடங்காத புண்களுக்கு வேறு விதமாக வேலை செய்யும் புது மாத்திரை பரிசோதனையில் பலன் தருகிறது என்று படித்த அன்று, தயிர்ச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நடந்தார். தடுப்பூசி முயற்சி ஒன்று பலிக்கவில்லை என்று தெரிந்தால் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் நின்றுபோனதுபோல இருப்பார். "குணமாவாதுன்னு பேஷண்டுகிட்ட சொல்லாத. அடங்கும்னு சொல்லு. ரெண்டும் உண்மதான். ஒண்ணக் கேட்டா தூக்கம் போவும், ஒண்ணக் கேட்டா தூக்கம் வரும்" என்பார்.

எங்கள் பிரிவுக்கு வைரஸின் மரபுப்பொருளையே தேடிப் பிடிக்கும் புதிய சோதனைக் கருவி வந்த சமயத்தில்தான் சங்கடம் ஆரம்பித்தது. கொப்புளத்தின் அடியில் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுக்க வேண்டும். வைரஸ் இருந்தால் கருவி சொல்லும், இரண்டு வகையில் எது என்றும் சொல்லும். ஆனால் கடற்கரை முகாமிலிருந்து கொண்டுபோன சாம்பிள்கள் மட்டும் கெட்டுக்கொண்டே இருந்தன. வைரஸ் இல்லை என்றுகூட வரவில்லை. சோதனை சரியாக நடக்கிறது என்பதைக் காட்ட ஒவ்வொரு சாம்பிளிலும் தெரிய வேண்டிய அடையாளமே தெரியவில்லை. பஞ்சு முனைகளைப் பார்த்தேன். செங்கல் நிறத்தில் இருந்தன. மேடத்திடம் காட்டினேன்.

"காவி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பினால் எங்கள் பக்கம் அதற்கு அக்கி என்று பெயர். அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போவார்கள். அங்கே காவியைக் குழைத்து, புண்ணின் மேல் சிங்கம் போல எழுதி, சுற்றிலும் புள்ளி வைத்து அனுப்புவார்கள். மறைவான இடத்தில் வந்தால் எழுத முடியாது. காவியை இலையில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள், வீட்டில் தானே பூசிக்கொள்ள வேண்டும். பூசி, புண் காய்ந்து, பொருக்குத் தட்டி, அதற்கும் அப்புறம்தான் எங்களிடம் வந்திருக்கிறார்கள். காய்ந்த புண்ணில் வைரஸ் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் காவி சோதனையை நடக்கவிடாது.

அடுத்த வாரம் மேடம் ஒரு தவறு செய்தார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரையும் நிற்க வைத்துத் திட்டினார். இந்தக் காலத்தில் மண்ணைக் குழைத்துப் பூசுவது மூடத்தனம் என்றார். அதற்கடுத்த வாரம் பெஞ்சு காலியாக இருந்தது. வெளியே நாய் ஒன்று படுத்திருந்தது. "அதயாவது கூப்புடு மைக்ரோ, பாத்து அனுப்பலாம்" என்றார். சிரிக்கவில்லை.

அன்று வந்த ஒரே ஆள் அமுதா. மாமியார் தனபாக்கியம் அவள் முழங்கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார். அமுதாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவன் சேகர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். காய்ச்சலும், சிறுநீர் கழிக்கும்போது நெருப்பாக எரிச்சலும், கொப்புளங்களும் வந்து அவள் தவித்திருக்கிறாள். தனபாக்கியம் அவளை மெயின் ரோட்டில் ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அழைத்துப்போய் ரத்தச் சோதனை செய்திருந்தார். ஹெர்பீஸ் பாசிட்டிவ் என்று வந்திருந்தது.

"எம்புள்ள தங்கம். அவனுக்கு ஒண்ணியும் இல்ல. அப்ப இவ எங்கேர்ந்து கொண்டாந்தா? கேட்டு சொல்லு டாக்டரு. ஆத்தா வூட்டுக்கு அனுப்பறதுக்கு மூட்ட கட்டி வெச்சிட்டேன்" என்றார் தனபாக்கியம்.

அமுதா தலையைத் தூக்கவில்லை. மேடம் அவர்கள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யம்மா, இந்த ரத்த டெஸ்டு இன்னா சொல்லுதுன்னா, இந்தப் பொண்ணு ஒடம்பு இந்தக் கிருமிய என்னிக்கோ பாத்திருக்குது, அவ்ளோதான். போன மாசமா, பொறந்து ரெண்டாம் வருசமா, அதுக்குத் தெரியாது. எந்த வகைன்னும் தெரியாது. ஒங்க புள்ளக்கி எடுத்தா அவனுக்கும் இதேதான் வந்தாலும் வரும். தேதி போட்டு பேசற சாட்சி இல்ல இது."

குச்சியில் சாம்பிள் எடுத்தோம். அமுதாவும் காவி பூசியிருந்தாள். கருவி எதுவும் சொல்லவில்லை. மேடம் மாத்திரை கொடுத்துப் புண்ணை ஆற்றினார். ஆனால் தனபாக்கியத்துக்கு வேண்டியது பதில். "ஒங்க டெஸ்டே வாயத் தொறக்கல, அப்பால இன்னா?" என்று நின்றார்.

"மறுபடி ஒருவாட்டி கொப்புளம் வரலாம். வந்த அன்னிக்கே, காவி பூசறதுக்கு முன்ன கூட்டினு வா. அது வரைக்கும் தீர்ப்பு சொல்லாத. மூட்டய அவுத்து வையி."

மூட்டையை அவிழ்த்தார்கள். ஆனால் அமுதாவுக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

அன்று திரும்பும்போது மேடம் என்னைத் தன் காரில் ஏறச் சொன்னார். செங்கல்பட்டுக்குப் போகாமல் கிராமத்துக்குள் திருப்பினார். காவி கொடுக்கும் பச்சையம்மாவின் வீட்டு வாசலில் நிறுத்தினார். பச்சையம்மா வெற்றிலையை மென்றுகொண்டே எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் மூடத்தனம்னு ஏசினியாமே?"

"ஏசினேன். தப்பு. வாயி கொஞ்சம் நீளம்."

"கொஞ்சம் இல்ல. வெளிச்சங்காட்டி வரைக்கும் கீது." மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தைத்தான் சொன்னார். மேடம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பச்சையம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஒக்காரு" என்றார்.

அன்று அவர்கள் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கீழ் இடத்தில் கொப்புளம் என்று யார் வந்து கேட்டாலும் பச்சையம்மா உடனே காவி கொடுக்க மாட்டார். முதலில் எங்களிடம் அனுப்புவார். நாங்கள் குச்சியில் எடுத்த பிறகு, மேடம் காவியைப் பற்றிப் பேச மாட்டார். புண்ணின் மேல் படாமல் சுற்றிப் பூசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். "ஆறினா ஒன் சிங்கம் ஆத்திச்சின்னு பேர நீ எடுத்துக்க. மாத்திரய நான் குடுத்துக்கறேன்" என்றார் மேடம். "பேரு எனக்கு ஏற்கெனவே கீது" என்றார் பச்சையம்மா. பெஞ்சு மறுபடி நிறைந்தது.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. பச்சையம்மா ஒருநாள் ஷேர் ஆட்டோவில் அமுதாவோடு வந்து இறங்கினார். காலையில் கொப்புளம் கிளம்பியதும் அமுதா நேராக அவரிடம் போயிருக்கிறாள். "தோ, பூசல. புச்சா கீது. எடுத்துக்க" என்று, வலையிலிருந்து எடுத்த மீனைக் கொடுப்பதுபோல அவளை எங்களிடம் ஒப்படைத்தார். அந்தக் குச்சியை நான் என் மடியிலேயே வைத்துச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனேன். கருவி இந்த முறை தெளிவாகச் சொன்னது: ஹெர்பீஸ், முதல் வகை.

முடிவைப் பார்த்ததும் மேடம், "ரிப்போர்ட்ட மட்டும் அனுப்பிட்டு ஒக்காந்துடக்கூடாது, நாமளும் கூடவே போவணும்" என்றார். சேகரையும் அழைத்து வரும்படி சொல்லி அனுப்பினார். சேகர் தன் தாயோடு வந்தான். கடலுக்குப் போய்த் திரும்பி இரண்டு நாள் ஆகியிருக்கும். முகம் கறுத்து, கீழுதட்டின் ஓரத்தில் கொப்புளங்கள் உடைந்திருந்தன.

"தம்பி, ஒதட்டுல இன்னா?"

"அது ஒண்ணியுமில்ல டாக்டர். உப்புக்காத்து. வெயில்ல கடலுக்குப் போனா பொரிஞ்சிக்கும். எங்க ஆளுங்க பாதிப் பேருக்கு வரும்."

"எப்பலேர்ந்து?"

"சின்னப் புள்ளலேர்ந்து வரும்" என்றார் தனபாக்கியம் பெருமையாக. "எனக்கும் வரும். எங்க வூட்டு ஒடம்பு வாகு அது."

மேடம் என்னைப் பார்த்தார். "மைக்ரோ, குச்சி எடு. அப்பால அம்மாவ கூட்டினு போயி டீ வாங்கிக் குடு."

டீக்கடையில் தனபாக்கியம் என்னிடம் ஏதேதோ கேட்டார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது சேகரின் காது இரண்டும் சிவந்திருந்தன. உள்ளே என்ன பேசினார்கள் என்பதை மேடம் பிறகு எனக்குச் சுருக்கமாகச் சொன்னார். உதட்டில் வருவதும் இதே முதல் வகைதான். வெயில் அதைக் கொண்டுவருவதில்லை, தூங்குவதை எழுப்பிவிடுகிறது. வாயிலிருந்து மனைவியின் உடம்புக்குப் போவதற்குக் கணவன் மனைவியாக வாழ்ந்தாலே போதும். "இத நான் எப்டி எங்கம்மாகிட்ட சொல்றது டாக்டர்?" என்று சேகர் கேட்டானாம். "அத நான் பாத்துக்கறேன். நீ தட்ட மட்டும் பாத்துக்க" என்றாராம் மேடம்.

சேகர் தாயிடம், "அந்தத் தனித் தட்டு, டம்ளரு எல்லாத்தயும் தூக்கிப் போடு" என்றான்.

"ஏன்டா?"

"போடுன்னு சொன்னேன்ல."

அவன் உதட்டுச் சாம்பிளிலும் அதே வகை வந்தது. அடுத்த வாரம் மேடம் தனபாக்கியத்தை உட்கார வைத்துச் சொன்னார். "ஒன் புள்ளகிட்டேர்ந்துதான் வந்துச்சின்னு நான் கோர்ட்டுல ஏறி சத்தியம் பண்ண முடியாது. டெஸ்டு அவ்ளோ தூரம் சொல்லாது. ஆனா பொண்ணு தப்பு பண்ணாத்தான் இது வரும்னு எவனாவது சொன்னா அது பொய்யின்னு எங்க வேணா சொல்லுவேன். ஒன் புள்ளக்கி கொழந்தையில யாரோ ஆசையா முத்தம் குடுத்துதான் வந்திருக்கும்."

"நாந்தான் குடுப்பேன். வேற எவ குடுப்பா?" என்றார் தனபாக்கியம். சொல்லி முடித்ததும் அவர் கை மெல்லத் தன் உதட்டுக்குப் போனது. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, காருக்கு வெயில் படுகிறதா என்று பார்த்தார். ஒருவரைத் தோற்க வைத்தபின் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். அந்தக் குணம் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

அமுதா அந்த வீட்டில் தங்கினாள். பிறகு கர்ப்பமானாள். பிரசவ நேரத்தில் புண் இருந்தால் அது குழந்தைக்குத் தொற்றலாம். பிறந்த குழந்தைக்கு இந்த வைரஸ் உயிருக்கே ஆபத்து. ஆகவே கடைசி மாதத்தில் மாத்திரை சாப்பிட வேண்டும், வலி எடுத்ததும் டாக்டரிடம் சொல்லிப் புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும், இருந்தால் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுப்பார்கள் என்று மேடம் அமுதாவுக்கும் மாமியாருக்கும் சொல்லிக்கொடுத்தார். மாத்திரைக்குத் தனபாக்கியம் சம்மதித்தார். பிரசவ வார்டில் நோயின் பெயரைச் சொல்வதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. "நாலு பேரு காறித் துப்புவாங்க. நீயே வந்து சொல்லு" என்றார். "வரேன். நான் இல்லாம புள்ள பொறக்காது" என்று மேடம் வாக்குக் கொடுத்தார்.

அமுதாவுக்கு மாதம் நிறைந்திருந்தபோதுதான் மேடம் போனார்.

அவருடைய அடக்கம் முடிந்த சில நாட்களில், மதியம், சேகர் எனக்குப் போன் செய்தான். வலி எடுத்துவிட்டது, திருக்கழுக்குன்றம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம், அம்மா எதுவும் சொல்ல விடவில்லை என்றான். நான் பஸ்ஸில் ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். பிரசவ வார்டில் எனக்கு யாரையும் தெரியாது. இளம் டாக்டர் ஒருவர் வேகமாகக் கடந்து போனார். "மேடம், ஒரு நிமிஷம்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அதுவும் கேட்கவில்லை.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "யம்மா டாக்டரே! எனக்கு ஹெர்பீஸ் கீது! மொத வக! புண்ணு கீதான்னு மொதல்ல லைட்டு அடிச்சிப் பாரு, அப்பால புள்ளய எடு!"

வலியின் உச்சத்தில் அமுதா கத்தினாள். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற வயதான நர்ஸ் முகத்தைச் சுளித்து, "எங்கேர்ந்துடி வாங்கினு வந்த?" என்று கேட்டார்.

தனபாக்கியம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "எங்கேர்ந்து வந்தா ஒனக்கு இன்னா? எங்கிட்டேர்ந்து எம்புள்ளக்கி, எம்புள்ளகிட்டேர்ந்து எம்மருமவளுக்கு. எங்க வூட்டு சொத்து. பங்கு வேணுமா ஒனக்கு?"

நர்ஸ் வாயை மூடிக்கொண்டார். இளம் டாக்டர் வந்து நின்றார். அந்த அமைதியில் என் குரல் வெளியே வந்தது. எப்போது முதலில் வந்தது, எந்த மாத்திரை, எவ்வளவு நாளாகச் சாப்பிடுகிறாள், எல்லாம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார், விளக்கைப் போட்டுப் பார்த்தார். புண் எதுவும் இல்லை. ஆபரேஷன் தேவைப்படவில்லை. பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. உதட்டில் கொப்புளம் இருக்கும் நாளில் யாரும் குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது என்று நான் சொன்னதும், தனபாக்கியம் முந்தானையால் வாயை மறைத்துக் கட்டிக்கொண்டுதான் பேத்தியைக் கையில் வாங்கினார்.

மேடத்தின் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. முகாமுக்கு வேறு வேறு டாக்டர்கள் மாறி மாறி வருகிறார்கள், நல்லவர்கள்தான். சாம்பிள் எடுப்பதற்கு முன் பெண்கள் என் எதிரே வந்து உட்காருகிறார்கள். உட்கார்ந்ததும், இது எப்படி வந்தது என்று நான் கேட்பேன் என்று பயந்து, அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு தலையைக் குனிகிறார்கள். சுகுணா மேடம் அந்தக் கேள்வியை யாரிடமும் முதலில் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் கேட்பது வேறு. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். குச்சியைக் கீழே வைத்துவிட்டு, அவர்களுக்குக் காதில் விழும்படி கேட்கிறேன்: "ரொம்ப வலிக்குதாம்மா?"